பூவைச் சாயத்தில் முக்கியா எடுப்பார்கள்?

காரைக்குடிப் பக்கம் இப்போதெல்லாம் திருமணப் பத்திரிகைக்கு முன்பே நிறப் பட்டியல் வந்துவிடுகிறது. அண்ணன் மகள் திருமணத்தில், மணமகளின் அரக்குப் புடைவைக்கும் மாலையின் ரோஜாவுக்கும் ஓர் இழை வேறுபாடு தெரிகிறதென்று பூக்காரரை மூன்று முறை விரட்டினார்கள். அவர் என்ன, பூவைச் சாயத்தில் முக்கியா எடுப்பார்? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிப் புடைவையை, அதன் கடுகு மஞ்சள் புகைப்படத்தில் கண்ணைக் குத்தும் என்று ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரே புடைவை எடுத்தார்கள். (ஆச்சிக்கும் அதேதான், அன்று முழுவதும் அவர் எவரோடும் பேசவில்லை.) ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் சிவப்பும் பச்சையும் ஒத்துப்போகவில்லையாம், விரிப்புப் போட்டு மூடினார்கள். செட்டிநாட்டுத் திருமணத்தில் கட்டும் தங்கத் தாலியான கழுத்திருவை ரோஸ் கோல்டில் உருக்கி வார்க்கச் சொல்லாததுதான் மிச்சம்.