பிரிட்டன் பொதுத்துறைச் சங்கங்கள் எல்லாமே லேபர் கட்சியில் இல்லை

"பிரிட்டனில் அரசு ஊழியர் சங்கங்கள் எல்லாம் லேபரின் அங்கம்தான், அப்புறம் எதற்கு இன்னொரு தொழிலாளர் கட்சி?" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அடிப்படைத் தகவலே தவறு.

உள்ளாட்சி, மருத்துவமனை ஊழியர்களின் யூனிசன் லேபரோடு இணைந்த சங்கம், சரி. ஆனால் மத்திய அரசு அலுவலகங்களின் பிசிஎஸ், ஆசிரியர்களின் என்இயு, செவிலியர்களின் ஆர்சிஎன் எதுவும் லேபரோடு இணைந்தவை அல்ல. 1927 சட்டம் அரசு அலுவலர் சங்கங்களுக்கு அந்த இணைப்பையே தடை செய்தது, 1946இல்தான் நீக்கினார்கள். தீயணைப்பு வீரர்களின் எஃப்பியு சம்பளப் போராட்டக் கசப்பில் 2004இல் வெளியேறி, 2015இல்தான் திரும்பியது.

லேபர் மீதான ஊழியர்களின் கோபத்துக்கும் காரணம் உண்டு. கன்சர்வேட்டிவ் கூட்டணி அரசு பொதுத்துறைச் சம்பளத்தை இறுக்கியபோது, 2012 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபரின் நிதிப் பேச்சாளர் எட் பால்ஸ் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்பதாகவே சொன்னார். பர்மிங்காமைப் பாருங்கள். 2025 மார்ச்சில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கி, தெருவோரம் கறுப்புப் பைகள் மலையாகக் குவிந்தபோது, மாநகர மன்றம் லேபர் கையில்தான் இருந்தது. மன்றம் ஒரு பணிநிலையை ஒழித்ததால் சிலருக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை சம்பளம் போகும் என்றது அந்தத் தொழிலாளர்களின் யுனைட் சங்கம். மன்றம் அந்தக் கணக்கை மறுத்தது. யுனைட் லேபருக்குப் பெரும் நிதி தரும் சங்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் சந்தாப் பணம் போகும் கட்சியே எதிரே முதலாளியாக உட்கார்ந்திருந்தால், அந்தத் தொழிலாளி வேறு கட்சியைத் தேடுவதில் என்ன வியப்பு?

புதுக் கட்சி தேர்தலில் தேறுமா என்பது வேறு கேள்வி. 2010இல் ரயில் தொழிலாளர் சங்கமான ஆர்எம்டியின் பொதுச் செயலாளர் பாப் குரோ முதலியோர் தொடங்கிய, தொழிற்சங்கத்தினரும் சோசலிஸ்டுகளும் சேர்ந்த டியுஎஸ்சி தேர்தல் கூட்டணிக்கு வாக்கு மிகக் குறைவாகவே விழுந்தது. அதைச் சொல்லி வாதாடுங்கள், கேட்கிறேன்.