பழைய யன்னலைக் கழற்றுவதற்கு முதல்

கிளிநொச்சிப் பக்கம் இப்போது வீடு திருத்துகிறவர்கள் முதலில் கை வைப்பது யன்னலில்தான். மரத்தைக் கழற்றி மதிலோரம் சாத்திவிட்டு அலுமினியம் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "மரம் உக்குது, கறையான் தின்னுது, மாரியில இறுகிப் போகுது. இதெண்டா ஒருக்காப் போட்டாச் சரி."

எனக்கு அலுமினியத்தோடு பகை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் குளியலறையிலும் அதுதான் இருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான்: எந்த மரம் உக்கியது?

வன்னியில் மர யன்னல் இரண்டு வகை. முதலாவது, குடியேற்றத் திட்டக் காலத்திலிருந்து எண்பதுகள் வரை கட்டிய வீடுகளில் இருப்பது. காடு பக்கத்திலேயே இருந்தது, மரத்தை அறுத்துக் காயப்போட ஆட்களுக்குப் பொறுமையும் இருந்தது. பெரும்பாலும் முதிரை, சில வீடுகளில் பாலை அல்லது வேம்பு. காய்ந்த முதிரை ஒரு கன மீற்றர் 900 கிலோ அளவுக்கு வரும். தேக்கே 650 கிலோ அளவில்தான். முதிரையின் வைரத்தில், அதாவது நடுவில் இருக்கிற முற்றின மரத்தில், கறையான் இலேசில் வாய் வைக்காது.

இரண்டாவது வகை, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்தது. 2008 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பேர் ஓடு, தகரம், கதவு, யன்னல் என்று கழற்றக்கூடியதை எல்லாம் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். அவை வழியில் எந்தெந்த ஊரில் கிடந்து போயின என்று யாருக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பல வளவுகளில் சுவர் மட்டும் நின்றது. பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அந்தக் காசுக்குள் கூரை போட்டு முடிப்பதே பெரிய காரியம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பினால் காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? மரக்காலையில் அறுத்த கையோடு, ஈரம் போகாமலே, பாதி வைரமும் பாதி வெளிப்பக்க வெள்ளையுமாக எடுத்து வந்து பூட்டினோம். அது சில மாரிக்குள்ளேயே கோணியது, வெடித்தது, வெள்ளைப் பகுதியைக் கறையான் அரித்தது. பச்சை மரம் செய்த குற்றத்துக்கு இப்போது முதிரையும் சேர்ந்து தண்டனை வாங்குகிறது.

உருத்திரபுரத்தில் மாமி வீட்டு விறாந்தை யன்னல் முதல் வகை. எப்படியோ தப்பி நின்ற வீடு. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு. கீழ் இரண்டையும் சாத்திவிட்டு மேல் இரண்டையும் திறந்துவிட்டால் றோட்டால் போகிறவருக்கு உள்ளே தெரியாது, காற்று மட்டும் வரும். மாமியின் மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பி, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டான். மாற்றுவதற்கு முதல் ஒருக்கால் பார்ப்போம் என்று தெரிந்த ஓடாவி (தச்சர்) ஒருவரைக் கூட்டிப் போனேன்.

அவர் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவின் கீழ்ச் சட்டம், நிலையின் அடி, பிணைச்சல் பூட்டிய இடம் என்று ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். தண்ணீர் தங்கும் மூலைகளில் மட்டும் விரலளவு உள்ளே போனது. நாலு அங்குலம் மேலே போனால் முனை இறங்கவே இல்லை. "தம்பி, சுகமில்லாதது கால் மட்டும்தான், ஆள் நல்லாத்தான் இருக்கிறார்" என்றார்.

பெயின்ற்றைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மண்ணிறம். அதற்கும் கீழே மஞ்சள் மரம் மினுமினுவென்று வெளியே வந்தது. உக்கிய அடியைச் சரிவாக வெட்டி எடுத்தார். பழைய கூரை மரத்தில் ஒரு துண்டை அதே சரிவில் செதுக்கி, பசை பூசி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கினார். சீவுளி போடும்போது நடுவில் "டிங்" என்று ஒரு சத்தம். மரத்துக்குள் யுத்த காலத்துச் செல் (எறிகணை) துண்டு, அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. குறட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு, அலகு மழுங்கியதற்குத்தான் அவர் கவலைப்பட்டார். எங்கள் பக்கத்து மரக்காலைகளில், மரம் எந்த இடத்தில் நின்றது என்று கேட்காமல் வாளில் வைக்க மாட்டார்கள். ஒரு துண்டு அகப்பட்டாலும் வாளின் பல் போய்விடும்.

பழைய பெயின்ற் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பெயின்ற்றில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு இலங்கையில் சட்டப்படி எல்லை வைத்தது 2013 இல்தான். அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளின் மூளைக்குக் கேடு. சாண்ட் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், மூக்கைக் கட்டுங்கள், கீழே விழும் தூளை வளவுக்குள் கூட்டித் தள்ளாதீர்கள். நெருப்பு வைத்து உரிக்கவே வேண்டாம்.

கனடா மகன் சொன்ன நியாயம் வேறு. அங்கே இரட்டைக் கண்ணாடி போட்ட புது யன்னலால் வெப்பச் செலவு குறைகிறதாம். அது உண்மைதான், அந்த ஊருக்கு. அங்கே யன்னலின் வேலை சூட்டை உள்ளே வைத்திருப்பது. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது எங்களுக்கு வேண்டியது வெக்கை வெளியே போக வழி. இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னலில் எப்போதும் ஒரு பாதி மற்றப் பாதிக்குப் பின்னால்தான் நிற்கும். நாலடி அகல ஓட்டைக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்றை வாங்குகிறோம். பிறகு அறை புழுங்குகிறது என்று பெரிய காற்றாடி, அதற்கு மின்கட்டணம். மரக் கதவு முழுதாகத் திறக்கும். சாத்தினால் வெயிலையும் மறிக்கும், கண்ணாடி அதைச் செய்யாது.

நுளம்பு வலை விஷயத்தில் அலுமினியத்துக்குத்தான் வெற்றி, அதை ஒத்துக்கொள்கிறேன். மர நிலையின் உள்பக்கம் சட்டம் அடித்து வலை போடலாம், ஆனால் அது கொஞ்சம் அவலட்சணம்.

"இறுகிப் போகுது" என்ற முறைப்பாட்டில் பாதி நாங்களே தேடிக்கொள்வது. மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும். பொறுக்க முடியாமல் கார்த்திகையில் சீவிவிடுகிறோம். பங்குனி வெயிலில் அது சுருங்கினால் விரல் போகிற இடைவெளி. சீவுவதானால் காய்ந்த காலத்தில், அதுவும் பெயின்ற் உரசுப்பட்ட இடத்தில் மட்டும். சீவிய விளிம்புக்கு உடனே பெயின்ற் பூசுங்கள், குறிப்பாகக் கதவின் அடிப்பக்கத்துக்கு. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியால்தான்.

எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. நிலையே மூன்று பக்கமும் பொருக்காகிப் போயிருந்தால் கழற்றுங்கள். இரண்டாவது வகைப் பச்சை மர யன்னலுக்குச் செலவழிப்பது வீண். வயதானவர்கள் தனியே இருக்கிற வீட்டில் பெயின்ற் அடிக்க ஆள் இல்லையென்றால் அலுமினியம் நல்லதே. ஆனால் புதிதாக மர யன்னல் செய்யப் போகிறவர்கள் யோசியுங்கள். முதிரை மெதுவாக வளர்கிற மரம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றிப் பிடிபட்ட முதிரைக் குற்றிகளின் படம் முல்லைத்தீவுச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஏற்கெனவே வெட்டி, காய்ந்து, சுவரில் இருக்கிற முதிரையைக் கழற்றி வீசிவிட்டுக் காட்டில் புதிதாகத் தேடுவது என்ன கணக்கு?

வீசுவதும் இல்லை, விற்கிறோம். பழைய மரம் வாங்க லொறியில் வருகிறவர்கள் அதன் பெறுமதி தெரிந்துதான் வருகிறார்கள். கழற்றி எடுத்துப் போவதே எங்களுக்கு உதவி என்கிற மாதிரி ஒரு சின்ன விலை சொல்வார்கள், நாங்களும் இடம் காலியானால் சரி என்று கொடுத்துவிடுகிறோம்.

காசுக் கணக்கும் மாறிவிட்டது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு, இறக்குமதியை நம்பிய எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஓடாவியின் கூலியும் கூடித்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

கடைசியில் மாமி வீட்டில் குசினிக்கு அலுமினியம், விறாந்தைக்கும் அறைகளுக்கும் பழைய யன்னல்களே என்று முடிவானது. மகனுக்கு முழுத் திருப்தி இல்லை. மாமி, "இஞ்ச இருக்கிறது நான்தானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

செய்விக்க நினைக்கிறவர்கள் ஆவணிக்குள் ஓடாவியைப் பிடியுங்கள். புரட்டாசி பிறந்தால் பாதிப் பேர் காலபோக நெல் விதைப்புக்கு இறங்கிவிடுவார்கள், பிறகு போனும் எடுக்க மாட்டார்கள்.