அம்பலப்படுத்தினார்களாம்!

நேற்றிரவிலிருந்து பர்மாவில் இருக்கிற நம் தமிழ் ஆட்கள் மாற்றி மாற்றிப் பகிர்கிற அந்தப் படத்தைப் பற்றித்தான். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பர்மியப் பெயரில் நேரலையில் துணி விற்கிற பெண், சின்ன வயதில் பாவாடை சட்டையோடு பால்குடம் தூக்கி நிற்கிறாள். மேலே, "அம்பலப்படுத்திவிட்டோம்! இவள் தமிழச்சி! சாயம் வெளுத்தது!"

என்னத்தை அம்பலப்படுத்தினீர்கள் சாமி?

ஊரை ஏமாற்றியவனைச் சபை நடுவே நிறுத்துவதுதான் அம்பலப்படுத்துவது. போலி டாக்டரை அம்பலப்படுத்தலாம். கோயில் பணத்தைத் தின்றவனை அம்பலப்படுத்தலாம் (அதை மட்டும் யாரும் செய்வதில்லை). சாயம் வெளுத்தது கதையில் வரும் நரிக்கு. அது நீலத் தொட்டியில் விழுந்து, அந்த நிறத்தைக் காட்டியே காட்டுக்கு ராஜாவானது. இந்தப் பெண் எந்தக் காட்டை ஆண்டாள்? துணி விற்றாள், காசு வாங்கினாள், பார்சல் அனுப்பினாள்.

மறைத்தாளாம். யாரிடம்? இந்த நாட்டுக் குடியுரிமை அட்டையிலேயே இனம், மதம் இரண்டும் எழுதியிருக்கிறது. இதில் மறைக்க எங்கே இடம்?

இரண்டு பெயர் இல்லாத வீடு நம்மில் எது? 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏறினார்கள். தங்கிவிட்டவர்கள் பிள்ளைக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளியில் பர்மியப் பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். என்னோடு படித்த பையன் ஒருநாள் வாசலில் வந்து என் பள்ளிப் பெயரைச் சொல்லிக் கேட்டான். "அப்படி இங்கே யாரும் இல்லை, போ" என்று அப்பத்தா விரட்டிவிட்டார். நான் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தேன். என்னையும் அன்றைக்கே அம்பலப்படுத்தியிருக்கலாமே!

"தமிழச்சி என்று சொன்னது பெருமைதானே, உனக்கு ஏன் எரிகிறது?" என்பீர்கள். பெருமையாக இருந்தால் "நம்ம பிள்ளை" என்று எழுதியிருப்பீர்கள். திருடியைப் பிடித்த மாதிரி எழுதியிருக்க மாட்டீர்கள். தமிழாய்ப் பிறந்ததே குற்றம் என்று உள்ளுக்குள் நினைக்கிறவருக்குத்தான் "அம்பலப்படுத்தினோம்" என்ற சொல் வாயில் வரும். கீழே யாரோ வந்து "கலாமா" (இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்லான "கலா"வின் பெண்பால்) என்று எழுதுகிறார்கள், நம்மவர்களே அதற்குச் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். 2017-இல் அந்தக் "கலா"வை வசைச்சொல் என்று முகநூலே தடுத்தது. பர்மிய மொழியில் நாற்காலிக்கான சொல்லும் அப்படித்தான் தொடங்கும் என்பதால், நாற்காலி என்று எழுதியவர்களின் பதிவும் சேர்ந்து போனது. எந்திரத்துக்கு அவ்வளவுதான் புத்தி. உங்களுக்கு?

"அவள் திருவிழாவுக்குச் சந்தா தருவதில்லை." சரி, தராமல் போகட்டும்.

"தமிழில் பேசுவதே இல்லை." எனக்கும் வருத்தம்தான். நாளைக்கு ஆசையாகப் பேச நினைத்தாலும், நீங்கள் செய்த வேலைக்கு இனி வாய் திறப்பாளா?

அப்புறம், பதிவு போட்ட அண்ணே, உங்கள் கணக்கே பர்மியப் பெயரில், ரோஜாப்பூ படத்தோடுதான் இருக்கிறது. அதை நான் அம்பலப்படுத்தப் போவதில்லை. உங்களுக்கும் ஏதோ காரணம் இருக்கும்.

படத்தை எடுங்கள். மனசு வரவில்லை என்றால், அவளுக்குப் பின்னால் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் முகத்தையாவது மறையுங்கள். அவர்களும் இப்போது வளர்ந்து, வேறு பெயரில் வேலைக்குப் போகிறார்கள்.