குளிருதுன்னா குளிருது, விடுங்களேன்!

ஏங்க, குளிருதுன்னு ஒருத்தி சொன்னா என்ன பதில் சொல்லணும்? "சரிம்மா, கதவைச் சாத்திடறேன்." அவ்வளவுதானே? டெல்லியில பல வருஷமா இருக்கற நம்ம தமிழ்க்காரங்க வாயில அது மட்டும் வராது. "இதெல்லாம் ஒரு குளிரா? நாங்க வந்த புதுசுல..."ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

எங்க சொசைட்டி மாமா ஒருத்தர். மார்கழி விடியக்காலம் பச்சத்தண்ணில குளிச்சிட்டு, நெத்தி நிறைய விபூதியோட, அரைக்கை சட்டையில கீழ வந்து நிப்பார். நான் ஸ்வெட்டர், அது மேல ஜாக்கெட், அதுக்கும் மேல சால்வை, தலையில மங்கி கேப். "என்னம்மா, காஷ்மீர் கிளம்பிட்டியா?" வருஷா வருஷம் இதே ஜோக். அதுக்குச் சிரிக்க நாலு பேரு வேற.

மாமா, ஆம்பளைங்களை 14 டிகிரி தண்ணில உக்கார வெச்சுப் பாத்த ஒரு ஆராய்ச்சி 2021-ல வந்துது. தசையில ஆல்ஃபா ஆக்டினின்-3ன்னு ஒரு புரதம். பிறவியிலேயே அது இல்லாதவங்கள்ல 69 சதவீதம் பேரு உடம்புச் சூட்டை 35.5 டிகிரிக்குக் கீழ விடாம தாக்குப்பிடிச்சாங்க. இருந்தவங்கள்ல 30 சதவீதம்தான். உலகத்துல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு அந்தப் புரதமே கிடையாது. ஆக, உங்க பச்சத்தண்ணிக் குளியல் வைராக்கியமாவும் இருக்கலாம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து குடுத்த ஜீனாவும் இருக்கலாம். அதை வெச்சு எனக்கு எதுக்கு மார்க் போடறீங்க?

பழகிடும்ங்கறாங்க. கொஞ்சம் பழகும்தான், இல்லேங்கல. தைராய்டு குறைவா சுரக்கறவளுக்கு எப்படிப் பழகும்? ரத்தசோகைக்காரிக்கு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேர்ந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதுல ரஜாய்ப் போர்வையை உதறிட்டு முதல்ல எழுந்து, விரல் மரத்துப்போற குழாய்த் தண்ணில அரிசி களையறதும் அவளேதான். மாமா குளிச்சிட்டு வந்தா காபி ரெடியா இருக்கணுமே!

இன்னொரு கூட்டம் கனடாலேர்ந்து போன் பண்ணும். "உனக்கென்ன, அங்க 6 டிகிரிதானே?" ஏம்ப்பா, நீ ஹீட்டிங் ஓடற வீட்டுல டி-ஷர்ட்டோட உக்காந்து பேசற. எனக்கு மார்பிள் தரை, சரியா சாத்தாத ஜன்னல், வெயிலே எட்டிப் பாக்காத முதல் மாடி. மூடுபனி நாள்ல வெளிய இருக்கற குளிர்தான் கட்டில்லயும்.

மே மாசம் 45 டிகிரி அடிக்கறப்போ இதே மாமா ஏசி ரூமை விட்டு அசையமாட்டார். நான் மொட்டை மாடியில வடாம் பிழிஞ்சிட்டு வருவேன். "இதெல்லாம் ஒரு வெயிலா?"ன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கேனா?

இனிமே "இன்னும் பழகலையா?"ன்னு எவளாச்சும் கேட்டா, வாயால பதில் கிடையாது. அரிசி களைஞ்ச கையை அப்படியே அவ கழுத்துல வெச்சிடுவேன். மாமாவுக்கு மட்டும் மாமியை விட்டு வைக்கச் சொல்லணும்.