ஆர்ட்டிகிள்ஷிப்புக்குச் சென்னைதான் போக வேண்டுமா?

ஆர்ட்டிகிள்ஷிப் என்பது சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பவர்கள் ஓர் ஆடிட்டரிடம் பெற வேண்டிய செய்முறைப் பயிற்சி. உங்கள் தம்பியை அதில் சேர்ப்பது பற்றி, "சி.ஏ. பயிற்சி மூன்று வருடம், சம்பளம் கிடையாது, ஆடிட்டருக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும், கும்பகோணத்தில் செய்தால் மதிப்பில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்குமே தவறு.

2023 ஜூலை 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள்தான். ஆனால் சி.ஏ.வின் இரண்டாம் நிலைத் தேர்வான இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் (பாடத் தொகுதியும்) தேறியிருக்க வேண்டும். பயிற்சி தருவதற்காக ஆடிட்டர் பணம் வாங்குவதை ஐ.சி.ஏ.ஐ. (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) விதிகள் அனுமதிப்பதில்லை, அவர்தான் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகை மாறும். சென்னையைவிட இங்கே கும்பகோணத்தில் குறைவுதான். அங்கே அறை வாடகை என்ன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஊரை மட்டம் தட்டியதுதான் எனக்கு எரிச்சல். எந்த ஊரில் முடித்தாலும் விதிப்படி ஒரே பயிற்சிதான். திருவாரூர் பக்கம் அரிசி ஆலையில் நெல், அரிசி, குருணை, தவிடு என்று இருப்பைச் சரிபார்த்துப் பழகியவனிடம் பொய்யான அரவைக் கணக்கு எடுபடாது. ஒரே குடும்பத்தின் விவசாய வருமானத்தையும் கடை வருமானத்தையும் பிரித்தெழுதும் சிக்கல் இங்கே அன்றாடம் வரும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் தணிக்கைதான் வேண்டுமென்றால் சென்னைக்குப் போகட்டும்.

தம்பி பி.காம். என்கிறீர்கள். 55 சதவீதம் இருந்தால் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமலேயே இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம்.