பன்னீர்த் தண்ணீரும் வே புரதமும் ஒன்றல்ல
பன்னீர் வடித்த தண்ணீரைக் குடித்தால், பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியான வே புரோட்டீன் பவுடர் வாங்கத் தேவையில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.

பசும்பால் ஒரு லிட்டரில் புரதம் சுமார் 32 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்ற புரதம், மீதிதான் வே புரதம். சீஸ் ஆலையில் பாலை 32 டிகிரி அளவு இளஞ்சூட்டில் ரென்னட் என்ற உறைபொருளைச் சேர்த்து உறைய வைப்பதால் வே புரதம் தண்ணீரோடு பிரிந்து வருகிறது. பவுடர் ஆவது அந்தத் தண்ணீர்தான். வீட்டிலோ பாலைப் பொங்கக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விடுகிறோம். அந்தச் சூட்டில் வே புரதம் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொண்டு பன்னீரிலேயே தங்கிவிடும். வடிந்த தண்ணீரில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் தேறினாலே அதிகம். 30 கிராம் பவுடரில் இருப்பது சுமார் 24 கிராம் புரதம். ஆகவே புரதம் வேண்டுமென்றால் பன்னீரைச் சாப்பிடுங்கள்.

அதற்காகத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். இளம்பச்சை கலந்த அந்த மஞ்சள் நிறம் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின். சப்பாத்தி மாவு பிசையலாம். பருப்பை மட்டும் அதில் வேகவைக்காதீர்கள், புளிப்பு பட்டால் பருப்பு மலராது. வெந்த பிறகு ஊற்றுங்கள். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

பவுடரைக் கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி தட்டும். சத்து போய்விடாது, குடிக்கத்தான் முடியாது. முதலில் ஆறின பாலில் கரையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பவுடரைத் தொடவே வேண்டாம்.