9,999 பேரிடம் இருப்பது அரிதா?

ஞாயிற்றுக்கிழமை நம் கத்தி சேகரிப்புக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி ஒருவர் என் பெயரைப் போட்டே "வாங்க வக்கில்லாதவனின் வயிற்றெரிச்சல்" என்று எழுதிவிட்டார். இனியும் பேசாமல் இருந்தால் அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஒருவர் ஒரு பேனாக்கத்தியை அரிது, "கடைசிப் பீஸ்" என்று விற்பனைக்குப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்ட கமெண்ட் ஒரே வரிதான். "எண்ணிக்கை குறைவு வேறு, அரிது வேறு." யாரையும் திட்டவில்லை, விற்றவரின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

விற்பனைக்கு வந்தது விக்டோரிநாக்ஸ் கம்பெனியின் 1897 ரெப்ளிக்கா, அதாவது பழைய கத்தியின் நகல். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் தன் ஆபீசர் கத்தியை, பல கருவிகள் மடங்கியிருக்கும் பேனாக்கத்தியை, பதிவு செய்தது 1897 ஜூன் 12-ஆம் தேதி. அதன் 125-ஆம் ஆண்டுக்காக 2022-இல் பழைய வடிவத்திலேயே செய்து வெளியிட்டார்கள். மொத்தம் 9,999. அருமையான கத்தி, அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அந்த 9,999-உம் இப்போது எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. அதை வைத்து ஒருவரும் மாங்காய் நறுக்கப் போவதில்லை, கயிறு அறுக்கப் போவதில்லை. தேயாது, தொலையாது. இன்னும் ஐம்பது வருடம் கழித்து எண்ணினாலும் ஏறக்குறைய அதே கணக்குதான் வரும். உண்மையான 1897 கத்தியின் கதை வேறு. அது சட்டைப்பையில் கிடந்து, தீட்டித் தீட்டித் தேய்ந்து, முனை உடைந்து, எங்கெங்கோ விழுந்து காணாமல் போனது. அப்படிப் போனவை போக மிஞ்சியிருக்கிறதே, அதுதான் அரிது. எண்ணிக்கையைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிடலாம். அரிதாவதை அது முடிவு செய்ய முடியாது.

இதே கம்பெனி ஆண்டுதோறும் அலாக்ஸ் என்கிற அலுமினியப் பிடி போட்ட லிமிடெட் எடிஷன் விடுகிறது. 2023-இல் லாவண்டர், 2024-இல் மண் பழுப்பு. பிடியின் பின்பக்கம் வருடம் பொறித்திருக்கும். என்னிடமும் நான்கு இருக்கின்றன. நிறம் பிடித்தது, வாங்கினேன். "அந்த வருடம் மட்டும்" என்றால் அந்த வருடம் எத்தனை என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்காவின் கேஸ் கம்பெனிக் கத்தியைப் பாருங்கள். 1970-இல் அலகில் இருக்கும் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி போட்டு, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எந்த வருடத்துக் கத்தி என்று தெரிந்துகொள்வதற்கான அடையாளம், அவ்வளவுதான். வாங்கியவர்களும் தினமும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் அந்தக் காலக் கத்தி ஒன்று அலகு தேயாமல் முழுதாகக் கிடைத்தால் சேகரிப்பவன் மனம் அப்படித் துள்ளுகிறது.

"அப்படியென்றால் பழையதெல்லாம் அரிதா?" என்று ஒருவர் கேட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. "விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும்" என்றார் இன்னொருவர். தீர்மானிக்கட்டும். நான் விலையைப் பற்றிப் பேசவில்லை.

பொறாமை என்று சொன்னவருக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாகச் சேர்க்கிறேன். பீரோவின் கீழ்த்தட்டில் 34 பேனாக்கத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். இந்தக் குழுவில் எத்தனை பேருக்குத் துருவை எப்படி எடுப்பது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் மறந்துவிட்டு ஒரே வார்த்தையில் பொறாமை என்கிறீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் அது கத்தியை நினைத்து இல்லை, அந்த மேலப்பாளையம் தம்பியை நினைத்து. முதல் சம்பளத்தில் இதே ரெப்ளிக்காவை வாங்கியிருக்கிறான். எனக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, இதான் கடைசிப் பீஸாம், இனிமே கிடைக்காதாம்லா" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். வந்த விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறான். மூன்றாவது நாளே அவனுக்கு விற்ற அதே ஆள் இன்னொரு "கடைசிப் பீஸை" விற்பனைக்குப் போடுகிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். ஒருவர்கூட அந்த ஆளைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என்னைத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் ரொம்ப வலித்தது. "திருநெல்வேலிக்காரனுக்கு அரிவாள் போதாதா, பேனாக்கத்தி எதுக்கு" என்று ஒரு கமெண்ட். அதற்குக் கீழே முப்பது சிரிப்புக் குறிகள். எங்கள் ஊர் என்றால் சினிமாவில் காட்டும் வெட்டரிவாள் மட்டும்தானா? என் தாத்தா திசையன்விளைப் பக்கம் பனையேறி. அவர் இடுப்பில் இருந்தது பாளை அருவாள், பனம்பாளையைச் சீவுகிற அரிவாள். காலையிலும் சாயங்காலமும் மரம் ஏறி, பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவார். கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளை கெட்டுவிடும், மேலோட்டமாகச் சீவினால் பதனீர் ஊறாது. தினமும் பலகையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவித் தீட்டுவார். புறங்கையில் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பார், முடி விழுந்தால்தான் இடுப்புக்குப் போகும். எனக்கு நினைவு தெரிந்தபோது அந்த அலகு பாதியாகத் தேய்ந்து, மூன்றாம் பிறை மாதிரி இருந்தது. கட்டைவிரல் பட்ட இடத்தில் பிடி குழிந்திருந்தது. என் விரலை அந்தக் குழியில் வைத்தால் ஆடும். அவருடைய விரல் அவ்வளவு தடிமன்.

தாத்தா போன மறு வருடம் ஆச்சி அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பழத்தைத் தின்றதும் நான்தான். ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன், ஏறுகிற ஆள் போன பிறகு அவளுக்கு அது வெறும் இரும்பு. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒன்று இருந்தது. போன வருடம் ஊருக்குப் போய்ப் பதினாறு வீடு ஏறி இறங்கினேன், ஒன்றுகூட இல்லை. எத்தனை செய்தோம் என்று எந்தக் கொல்லரும் எண் போட்டு வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரிது இதுதான், எண்ணிக்கை குறைவு இல்லை.

குழுவிலிருந்து என்னை நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்கு மட்டும் பணத்தை வாங்கிக் கொடுங்கள்.

திசையன்விளை, உவரி, ராதாபுரம் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யார் வீட்டிலாவது பரணில், கூரைச் செருகலில் பழைய பாளை அருவாள் கிடந்தால் இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும் சரி, பிடி இல்லாவிட்டாலும் சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். கொடுக்க மனம் இல்லையென்றால் ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்க மட்டும் விடுங்கள்.